இரவு ஷிஃப்ட் வாரத்தில் ஜபம் நின்றுவிடுகிறது

வணக்கம். ஒரு மண்டலம், 48 நாள், விடாமல் ஜபம் செய்ய மூன்று முறை தொடங்கினேன். மூன்றும் இரவு ஷிஃப்ட் வாரத்தில்தான் முறிந்தன. தை மாதத்தில் தொடங்கியது 16ஆம் நாளில், கடைசியாகத் தொடங்கியது 19ஆம் நாளில்.

வயது 43, ஓசூரில் தொழிற்சாலை வேலை. வாரத்துக்கொரு ஷிஃப்ட்: காலை 6, மதியம் 2, இரவு 10. ஐந்தெழுத்து மந்திரம், ருத்திராட்ச மாலையில் 108. நிதானமாகச் சொன்னாலும் பத்து நிமிடம்தான். அதனால்தான் வெட்கமாக இருக்கிறது.

இரவு வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்து, விளக்கேற்றி உட்காருவேன். முப்பது ருத்திராட்ச மணி தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும், மாலை நழுவிவிடும். ஒருநாள் கண்விழித்தபோது மணி பன்னிரண்டு. விளக்கு அணைந்திருந்தது, மனைவி போர்வை போர்த்தியிருந்தாள்.

பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்தேன். நின்றுகொண்டு சொன்னேன். நோட்டில் எழுதினேன், மற்ற வாரங்களில் அது நன்றாகவே போகிறது, இந்த வாரத்தில் மட்டும் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. பிரம்ம முகூர்த்தத்தில் செய்யச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நான் மெஷின் முன்னால் நிற்கிறேன்! இடைவேளையில் கேன்டீனில் முயன்றேன், இரைச்சலில் எண்ணிக்கை தவறியது.

ஷிஃப்ட் வேலையில் இருந்துகொண்டே மண்டலம் முடித்தவர்கள் சொல்லுங்கள்: இரவு வாரத்தில் எப்போது உட்கார்ந்தீர்கள், பகலில் தூங்கி எழுந்தவுடனா, வேலைக்குக் கிளம்பும் முன்பா?