ரூட் டிஸ்க்கை மிரர் செய்தும் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து சர்வர் பூட் ஆகவில்லை (சோலாரிஸ் 10, ஸ்பார்க்)

கேள்வி – அம்பத்தூர்

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் சர்வர்களைக் கவனித்து வருகிறேன். எங்கள் உற்பத்திக் கணக்கு முழுவதும் சோலாரிஸ் 10 இயங்குதளம் ஓடும், ஸ்பார்க் வகைச் செயலி கொண்ட ஒரு பழைய சர்வரில் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு 146 ஜிபி டிஸ்க்குகளைச் சோலாரிஸ் வால்யூம் மேனேஜர் கொண்டு நானே மிரர் செய்திருந்தேன் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பிரதியாக எழுதப்படும்). ரூட், ஸ்வாப், வார் ஆகிய மூன்று பகுதிகளையும், மிரரின் நிலையைக் காட்டும் மெட்டாஸ்டாட் கட்டளை 'ஓகே' என்றே காட்டி வந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் போனதும், யூபிஎஸ் தீர்வதற்குள் சர்வரை முறையாக நிறுத்தினோம். மின்சாரம் வந்த பிறகு இயக்கினால், பல ஆண்டுகள் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்த முதல் டிஸ்க் அசையவே இல்லை. மிரர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓகே பிராம்ப்டில் (இயங்குதளம் ஏறுமுன் சர்வர் கட்டளை கேட்கும் இடம்) இரண்டாவது டிஸ்க்கைக் குறிப்பிட்டு பூட் கொடுத்தேன். ஏற்றிய கோப்பு இயக்கத்தக்கதாகத் தெரியவில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது; அதோடு நின்றுவிட்டது. நான்காம் முறை பவர் போட்டபோது முதல் டிஸ்க் எப்படியோ சுழலத் தொடங்கியதால் பிழைத்தோம்.

இரண்டு டிஸ்க்கிலும் ஏழாவது ஸ்லைஸில் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) மும்மூன்று ரெப்ளிகா (மிரர் அமைப்பின் நிலையைப் பதிந்து வைக்கும் பிரதி) வைத்திருக்கிறேன். நான் எதைத் தவறவிட்டேன்? அடுத்த பருவமழைக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

மறுமொழி 1 – தரமணி

நீங்கள் பார்த்த அந்த வரி, பூட்டைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலான பூட் பிளாக் இரண்டாவது டிஸ்க்கில் இல்லை என்பதற்கான அடையாளம். ஸ்பார்க்கில் ரூட் ஸ்லைஸின் முதல் செக்டரில் (எண் 0) டிஸ்க்கின் பிரிவுகளைக் குறிக்கும் லேபிளும், அதையடுத்து 1 முதல் 15 வரையிலான செக்டர்களில் பூட் பிளாக்கும் இருக்க வேண்டும். மெட்டாஅட்டாச் கட்டளையால் டிஸ்க்கை மிரரில் சேர்த்து, சிங்க் (பிரதியெடுப்பு) முடிந்துவிட்டால் இதுவும் சேர்ந்தே வந்துவிடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இன்ஸ்டால்பூட் கட்டளைக்கு உங்கள் பிளாட்ஃபார்முக்குரிய யூஎஃப்எஸ் (சோலாரிஸின் கோப்பு முறைமை) பூட் பிளாக் கோப்பையும், இரண்டாவது டிஸ்க்கின் பூஜ்ய ஸ்லைஸையும் கொடுங்கள். அந்த ஸ்லைஸை பிளாக் டிவைஸாக அல்லாமல், இடைநினைவகம் வழியே செல்லாத ரா டிவைஸாகத் தர வேண்டும்.

நான்காம் முறை சுழன்ற டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம். இன்னொரு முறை நிறுத்தினால் அது எழாமலே போகலாம். மாற்று டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

மறுமொழி 2 – கிண்டி

பூட் பிளாக் இருந்திருந்தாலும் நீங்கள் அடுத்த படியில் நின்றிருப்பீர்கள். காரணம் ரெப்ளிகா எண்ணிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு மொத்த ரெப்ளிகாக்களில் பாதி இருந்தால் போதும். பாதிக்கும் கீழே போனால் அது பேனிக் ஆகி விழுந்துவிடும். ஆனால் வழக்கமாக எல்லோரும் பயன்படுத்தும் மல்டியூசர் நிலைக்கு பூட் ஆகப் பாதியோடு இன்னும் ஒன்று வேண்டும். உங்களிடம் மொத்தம் ஆறு. ஒரு டிஸ்க் போனால் மிஞ்சுவது மூன்று, தேவையோ நான்கு. போதிய ரெப்ளிகா இல்லை என்று சொல்லி, பழுதுபார்ப்பதற்கான சிங்கிள் யூசரில் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அங்கே மெட்டாடிபி கட்டளையால் போன டிஸ்க்கின் ரெப்ளிகாக்களை நீக்கிவிட்டு மீண்டும் பூட் செய்ய வேண்டும்.

எண்ணிக்கையைச் சமமில்லாமல் வைத்தால் தப்பிக்கலாம் என்று ஒரு காலத்தில் நானும் எண்ணி, ஒரு டிஸ்க்கில் நான்கும் மற்றதில் இரண்டுமாக வைத்தேன். நான்கு இருந்த டிஸ்க்தான் போனது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த சர்வர், இன்னொரு நல்ல டிஸ்க் இருந்தும், நட்டநடுப் பகலில் பேனிக் ஆகி விழுந்தது. ஆகவே சமமாக வைப்பதே சரி. மூன்றாவதாக ஒரு டிஸ்க் இருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்துவிடுங்கள், இந்தச் சிக்கலே எழாது.

சிஸ்டம் கோப்பில் மிரர்ட் ரூட் ஃபிளாக்கை 1 என்று வைத்தால் சரிபாதி ரெப்ளிகாவுடனும் பூட் ஆகும். யாரும் அருகில் இல்லாத இடங்களில் இது உதவும். ஆனால் பழைய நிலையில் உறைந்துபோன டிஸ்க் ஒன்று, தன்னிடம் இருப்பதே சரியான நிலை என்று எழுந்துவிடும் ஆபத்தும் இதில் உண்டு. இரவில் ஒருவர் கன்சோலுக்கு வர முடியுமென்றால் நான் இதைப் போடமாட்டேன்.

மறுமொழி 3 – வேளச்சேரி

ரூட்டை மிரருக்கு மாற்றும் மெட்டாரூட் கட்டளை, எந்தப் பகுதி எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் விஎஃப்எஸ்டாப் கோப்பில் ரூட்டுக்குரிய வரியை மட்டுமே மாற்றுகிறது. மற்றவற்றை நாம்தான் கையால் திருத்த வேண்டும். ஒரு வரி முதல் டிஸ்க்கையே காட்டிக்கொண்டிருந்தால், அந்த டிஸ்க் இல்லாத நாளில் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமைச் சோதனை) தோற்று பூட் பாதியில் நிற்கும். ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது டிஸ்க்குக்கு ஓகே பிராம்ப்டின் என்விஅலையாஸ் கட்டளை மூலம் ஒரு பெயர் கொடுத்து, பூட்-டிவைஸ் வரிசையில் முதல் டிஸ்க்கின் பெயருக்கு அடுத்ததாகச் சேருங்கள். பின் ஒரு விடுமுறை நாளில் முழு பேக்கப் எடுத்துவிட்டு, சர்வரை நிறுத்தி, முதல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு இயக்குங்கள். மெட்டாஸ்டாட் காட்டும் 'ஓகே' இரு பிரதிகளும் ஒத்திருப்பதைச் சொல்கிறதே தவிர, இரண்டாவது டிஸ்க் தனியாக எழும் என்று சொல்வதில்லை. சோதனை முடிந்து டிஸ்க்கைத் திரும்பச் செருகிய பின், ரெப்ளிகாக்களை மீண்டும் சேர்த்து, டிஸ்க்கை மிரரில் மீண்டும் இணைக்கும் மெட்டாரிப்ளேஸ் கொடுத்து, சிங்க் முழுவதும் முடியும்வரை அதிலிருந்து பூட் செய்ய வேண்டாம்.

ரூட்டை, மிரரைத் தானே கவனிக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ரெப்ளிகா கணக்கு ஒழியும். ஆனால் சோலாரிஸ் 10இல் ரூட் பூலில் (ரூட் இருக்கும் டிஸ்க் தொகுப்பில்) டிஸ்க்கைச் சேர்த்த பிறகும் பூட் பிளாக்கை நாமே எழுத வேண்டும்.

கேட்டவர் – அம்பத்தூர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று, ஞாயிறு காலை, இன்ஸ்டால்பூட் கொடுத்துவிட்டு முதல் டிஸ்க்கைக் கழற்றிச் சோதித்தேன். கிண்டி நண்பர் சொன்னபடியே சிங்கிள் யூசரில் நின்றது. மூன்று ரெப்ளிகாக்களை நீக்கி மறுபடி பூட் செய்தேன். இம்முறை எக்ஸ்போர்ட் பகுதிக்கான எஃப்எஸ்சிகே தோற்று மீண்டும் நின்றது. அந்த ஸ்லைஸை நான் மிரரில் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விஎஃப்எஸ்டாப் கோப்பில் அதற்கான வரியைத் தற்காலிகமாக மூடியதும் சர்வர் முழுமையாக எழுந்தது.

கழற்றிய டிஸ்க்கைத் திரும்பப் போடவில்லை. அதிலிருந்த எக்ஸ்போர்ட் பகுதி பேக்கப்பில் இருக்கிறது. அதே அளவுள்ள புது டிஸ்க்கில் லேபிளை நகலெடுத்து, பூட் பிளாக் எழுதி, ரெப்ளிகாக்களைச் சேர்த்து, சிங்க் ஓடவிட்டிருக்கிறேன். எக்ஸ்போர்ட்டை இன்று மாலை மிரராக அமைத்து, பேக்கப்பிலிருந்து மீட்கப் போகிறேன். பூட் பெயர்களையும் நீக்க வேண்டிய ரெப்ளிகாக்களின் ஸ்லைஸையும் ஒரு தாளில் எழுதி, ரேக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.