மவுனா லோவாவை 'நெடுமலை' என்று எழுதலாமா?

வணக்கம்.

நிலவியல் சொற்பட்டியலின் வரைவில், ஹவாய்த் தீவின் எரிமலையான மவுனா லோவாவுக்கு நேராக 'நெடுமலை' என்று போட்டிருக்கிறது. ஹவாய் மொழியில் மவுனா என்றால் மலை, லோவா என்றால் நீளம். ஆகவே பொருள் சரியாகத்தானே வருகிறது என்று தோன்றும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

மலையோடு 'நெடு' சேர்ந்ததும் நம் மனத்தில் வருவது உயரம். நெடுஞ்சாலையில் நீளம்தானே வருகிறது என்று கேட்கலாம். சாலைக்கு உயரம் கிடையாது, அதனால் குழப்பமும் இல்லை. மலைக்கு இரண்டும் உண்டு. மவுனா லோவாவின் உச்சியிலிருந்து வடகிழக்கே ஒன்று, தென்மேற்கே ஒன்று என இரண்டு பிளவு மண்டலங்கள், அதாவது நிலம் வெடித்துப் பிளந்த நீண்ட பட்டைகள், ஓடுகின்றன. அவற்றின் வழியே எரிமலைக் குழம்பு கசிந்து கசிந்து மலை இரு பக்கமும் நீண்டுவிட்டது. ஹவாய்த் தீவில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மலைதான். உயரத்தில் பக்கத்து மவுனா கேயா இதை முந்துகிறது: அது 4,207 மீட்டர், இது 4,169 மீட்டர். பள்ளிப் பிள்ளை 'நெடுமலை' என்று படித்தால் இரண்டில் உயர்ந்தது இதுதான் என்று எண்ணிக்கொள்ளும். பொருள் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'நீள்மலை' என்று விளக்கத்தில் சொல்லலாம். பதிவின் தலைப்பில் மவுனா லோவாவே இருக்கட்டும். ஆங்கிலத்திலும் அகராதி பொருளைச் சொல்கிறது, பெயரை மாற்றுவதில்லை. மவுனா கேயாவுக்கும் இதே முறை போதும். குளிர்காலத்தில் உச்சியில் பனி விழும், அதனால் 'வெண்மலை' என்று ஒரு குறிப்பு.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு கவனம் வேண்டும். வரைவில் ஓரிடத்தில் 'மௌனா' என்று இருக்கிறது. தமிழில் அது மௌனத்தை நினைவூட்டிவிடும். 1843 முதல் 34 முறை வெடித்து, கடைசியாக 2022 நவம்பரில் குமுறிய மலைக்கு அது பொருந்தாது. அதே தீவின் இன்னொரு எரிமலையான கீலவேயாவிலும் ஆங்கில எழுத்தைப் பார்த்துக் 'கிலாயுவா' என்று எழுத வேண்டாம். ஹவாய் மொழியில் முதல் உயிர் நெடில். நெடிலும் குறிலும் நம்மிடம் தனித்தனியே இருக்கும்போது கீ என்று எழுதுவதில் என்ன தயக்கம்?

சரி, பெயர்களை விட்டுப் பொதுச்சொற்களுக்கு வருவோம். இங்கேதான் நாம் தமிழாக்க வேண்டும். எரிமலைக் குழம்பின் இரு வகைகளைக் குறிக்கும் 'பாஹோயிஹோயி', 'அஆ' என்ற இரண்டு ஹவாய்ச் சொற்களையும் 1884-இல் அமெரிக்க நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் நிலவியலுக்குள் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுவதும் எந்த எரிமலைக்கும் இவைதான் வழக்கு. நமக்கு இவற்றில் இரண்டாவது சொல்தான் பெரிய சிக்கல்: 'அஆ' என்று பாடநூலில் அச்சடித்தால் அரிச்சுவடி என்றே படிப்பார்கள்.

இந்தக் கலந்துரையாடல் இழையில் இவ்விரண்டு சொற்களுக்கும் 'கயிற்றுப்பாறை', 'முள்பாறை' என்ற பரிந்துரைகள் வந்தன. இரண்டிலும் 'பாறை' இடிக்கிறது. வேதியியல் அளவில் இரண்டும் ஒரே பசால்ட் பாறை. வேறுபடுவது குழம்பு நகரும் விதம். சூடு மிகுந்து இளக்கமாக இருக்கும் குழம்பின் மேலே மெல்லிய தோல் படியும். அடியில் குழம்பு நகர நகர, பாலேட்டை விரலால் தள்ளினால் சுருங்குவது போல அந்தத் தோல் மடிந்து வளைவு வளைவாக நிற்கும். கயிறு போலத் தெரிவது இதுதான். ஆனால் எல்லா பாஹோயிஹோயியும் இப்படி மடிவதில்லை, ஆகவே 'கயிறு' ஒரு பகுதியை மட்டும் சொல்கிறது. குழம்பு ஓரளவு இறுகிய பிறகும் வேகமாக இழுபட்டால் தோல் கிழிந்து, துண்டு துண்டாக நொறுங்கி, கூரிய சல்லிக் குவியலாக உருண்டு போகும். அது 'அஆ'. மேலே ஒரே ஓட்டத்தில் பாஹோயிஹோயியாக இருந்தது சரிவில் இறங்கும்போது அஆவாக மாறிவிடுவதுண்டு. அஆ பொதுவாகத் திரும்பவும் பாஹோயிஹோயி ஆவதில்லை.

இந்த வேறுபாட்டைக் கொண்டு 'ஏட்டுக் குழம்பு', 'கரட்டுக் குழம்பு' என்று பரிந்துரைக்கிறேன். ஏடு கட்டுதல் நம் வீட்டு வழக்கு. கரடு என்றால் மதுரை, கொங்குப் பக்கம் கல்லும் முள்ளுமான குன்றே கண்முன் வரும். 'ஏடு' ஓலையையும் குறிக்குமே என்று தடை வரலாம். குழம்போடு சேரும்போது ஓலை நினைவு வராது என்றே நினைக்கிறேன். ஒரே சாயலில் இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைப்பார்கள். ஹவாய்ச் சொற்களை முதல் முறை வரும் இடத்தில் ஒருமுறை தந்துவிடுவது நல்லது. அவை அந்த மக்களின் அறிவு.

கிடத்திய கேடயம் போல அகன்று சரிவு குறைந்த எரிமலைக்கு வரைவில் உள்ள 'கேடய எரிமலை'யில் மாற்றம் வேண்டாம். ஐஸ்லாந்தில் ஸ்கியால்ட்பிரைதுர் என்ற மலை உண்டு, அதன் பொருளே 'அகன்ற கேடயம்'. உவமை மூலத்திலேயே இருக்கிறது.

கடைசியாக 'பேலேயின் கூந்தல்'. குழம்பு ஊற்றாகப் பீறிடும்போது துளிகள் இழுபட்டு முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகளாகிக் காற்றில் பறக்கின்றன. பொன்பழுப்பு நிறம், தொட்டால் விரலில் முறிந்து குத்தும். வரைவில் 'எரிமலை இழை' என்று இருக்கிறது. பேலே ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வம், கீலவேயாவின் ஹலேமாவுமாவு என்ற எரிமலை வாய்க்குள் வாழ்வதாக அவர்கள் நம்புகிறார்கள். அவள் பெயரை எடுத்துவிட்டு இழையை மட்டும் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. 'பேலே கூந்தல்' என்றே போடுங்கள்.