ஐந்தே கோடு, எத்தனை உச்சரிப்பு! '生' என்ற அந்த கான்ஜி (ஜப்பானிய மொழியில் புழங்கும் சீன எழுத்து) உங்களை எங்கே நிறுத்தியது?

கடலோரத்தான்:
எல்லாருக்கும் தெரிந்த எழுத்துதான். இடப்பக்கம் ஒரு சாய்கோடு, மூன்று கிடைக்கோடு, நடுவில் நேராக ஒன்று. ஜப்பானில் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஸேய், ஷோ, இகிரு, உமாரேரு, ஹாயேரு, நாமா, கி என்று உச்சரிப்பு நீண்டுகொண்டே போகும். உயிர் வாழ்வதும் அதுதான், பிறப்பதும் அதுதான், புல் முளைப்பதும், பச்சையாகச் சாப்பிடுவதும் அதுதான்.

ஹிரோஷிமாவில் ஒரு மீன்கடை. குளிர்காலம், சிப்பி சீசன். பாக்கெட் மேல் இந்த எழுத்து, அடுத்து உணவு, அடுத்து 'யோ', சேர்த்துப் படித்தால் 'பச்சையாகச் சாப்பிடுவதற்கு'. பில் போட்ட பையன் "ஸேய்ஷோகு-யோ" என்றான். உள்ளே சிப்பி உடைத்துக்கொண்டிருந்த பாட்டி, கத்தியை நிறுத்தாமலே "நாமாஷோகு!" என்று குரல் கொடுத்தார். பையன் மறுபேச்சில்லாமல் என்னிடம் அதையே திருப்பிச் சொன்னான். அகராதியில் இரண்டும் இருக்கிறது. அப்புறம் பாட்டி ஏன் திருத்தினார்? யாராவது சொல்லுங்களேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
வாயால் சொல்லும்போது 'ஸேய்ஷோகு' என்றால் இனப்பெருக்கம் என்றும் காதில் விழும், இரண்டுக்கும் ஒரே ஒலி. கடையில் 'நாமா' என்றால் சந்தேகமே வராது. பாட்டி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு இந்த எழுத்து வந்து நின்றது பெரியவள் பிறந்தபோது. பிறப்பைப் பதிய 14 நாள்தான் கெடு, வெளிநாட்டவருக்கும் அதேதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிறப்பை "ஷுஸ்ஸேய்" என்று சொல்லிச் சொல்லி என் காது அதற்குப் பழகிவிட்டது. வார்டு ஆபீஸ் கவுன்டரில் இருந்த பெண்மணி "ஷுஷ்ஷோ-தொதோகே" என்றார், அதாவது பிறப்புப் பதிவு. நான் விழித்ததும் பென்சிலை எடுத்து, படிவத்தின் தலைப்பில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பொடி எழுத்தில் ஹிரகானா (ஒலியை மட்டும் காட்டும் ஜப்பானிய எழுத்து) எழுதிக் கொடுத்தார். கையில் பச்சைக் குழந்தையோடு, முதுகு வலியோடு நின்ற எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? நான் எழுதி முடித்ததும் பென்சில் குறிகளை அழித்து, ரப்பர் தூளை ஊதிவிட்டு, முத்திரை குத்தினார். இரண்டு உச்சரிப்பும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆபீசில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று என்று எப்படிப் பிரிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒடக்யூ பயணி:
என்னுடையது சின்னது. டோக்கியோவிலிருந்து போகும் ஒடக்யூ ரயில் லைனில் இகுதா ஸ்டேஷன் வரும், அங்கே இந்த எழுத்துக்கு 'இகு'. இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் அசாவோ வட்டம், அங்கே அதே எழுத்து 'ஓ'. ஷின்-யுரிகஓகாவில் வட்ட அலுவலகப் பலகைக்குக் கீழே நாயோடு நின்ற பெரியவரிடம் காரணம் கேட்டேன். பலகையை ஒரு முறை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்படித்தான் படிக்கிறது" என்றார். ஃபுஸ்ஸாவில் 'ஸ்ஸா', கிரியூவில் 'ரியூ', கியோட்டோவின் மிபுவில் 'பு'. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பப் பதிவேட்டில் பெயருக்கு ஃபுரிகானா (உச்சரிப்பைக் காட்டும் குறிப்பு) சேர்க்கும் சட்டமே 2025 மே 26 முதல்தான் நடைமுறைக்கு வந்தது!

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உச்சரிப்புப் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம். எழுத்துக்குப் பின்னால் வரும் ஹிரகானாவைப் பாருங்கள். 'கிரு' வந்தால் இகிரு, 'மாரேரு' வந்தால் உமாரேரு, 'ஏரு' வந்தால் ஹாயேரு. எதுவும் ஒட்டாமல் தனியாக நின்றால் பெரும்பாலும் நாமா. இன்னொரு கான்ஜியோடு சேர்ந்தால் பெரும்பாலும் ஸேய் அல்லது ஷோ. மாணவருக்கு காகுஸேய், வாழ்க்கைக்கு ஜின்ஸேய், ஆயுள் முழுவதற்கும் இஷ்ஷோ. ஷோ என்பது பௌத்த நூல்களோடு சீனாவிலிருந்து முதலில் வந்த உச்சரிப்பு, அதனால்தான் உயிர்க்கொலை 'ஸெஷ்ஷோ' ஆகிறது. ஸேய் அதற்குப் பிறகு சீனாவின் தாங் ஆட்சிக் காலத்துத் தலைநகர் உச்சரிப்பிலிருந்து வந்தது. இன்னொரு லாபமும் உண்டு. குணம், குடும்பப் பெயர், விண்மீன் ஆகிய கான்ஜிகளுக்குள் இதே எழுத்து உட்கார்ந்திருக்கும், அவை எல்லாவற்றுக்கும் ஸேய் என்ற உச்சரிப்பு உண்டு. ஆகவே வார்த்தையாகப் படியுங்கள். தனி எழுத்தின் அர்த்தத்தோடு மல்லுக்கட்டுவது வீண்.

நைட் ஷிஃப்ட்:
பயணி சார், கடைசி வரியை ஏற்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் மனைவி பெயர், பிறந்த தேதி, அதற்குக் கீழே இரண்டே எழுத்து. முதலாவது இது, இரண்டாவது 'சோதனை'. 'ஸேய்கென்' என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆனால் உயிருள்ளது, சோதனை என்று படித்த நொடியே, உடம்பிலிருந்து திசு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று புரிந்துவிட்டது. டாக்டர் இன்னும் வாயே திறக்கவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்து "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். அவர் சொல்வதற்கு முன்னால் நானே தமிழில் சொன்னேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. ரிசல்ட் நல்லபடியாக வந்துவிட்டது. வார்த்தைகளை மட்டும் படித்திருந்தால் அன்று எனக்கு அந்த அவகாசம் கிடைத்திருக்காது. ஒவ்வொரு எழுத்தின் அர்த்தத்தையும் படியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒடக்யூ பயணி:
அக்காவுக்கு ரிசல்ட் நல்லபடியாக வந்ததில் ரொம்ப சந்தோஷம் சார். இது மாதிரி இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஊர்ப் பெயரில் என் பேச்சை மாற்ற மாட்டேன்.

குளிர்பெட்டி:
கடலோரத்தான், உச்சரிப்பு கிடக்கட்டும். சிப்பி புதுசாக வேண்டும் என்றால் அந்த எழுத்து போட்டதையே வாங்குங்கள், சூடாக்குவதற்கு என்று போட்டிருப்பது பழசு.

கடலோரத்தான்:
இல்லை நண்பரே, இதை நம்பி யாரும் வாங்கிவிடாதீர்கள். அந்த எழுத்து பிடித்த நாளைச் சொல்வதில்லை. எந்தக் கடற்பகுதியில் எடுத்தது, சுத்திகரித்ததா, கிருமி எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறதா என்பதைத்தான் சொல்கிறது. 'கானெத்ஸு-யோ' (சூடாக்குவதற்கு) என்று போட்டதும் அன்று காலையில் வந்ததாகவே இருக்கலாம், ஆனால் உள்ளே வரை நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். முட்டைப் பெட்டியில் இருக்கும் தேதியும் இந்த எழுத்தோடு சேர்ந்ததுதான். அது பச்சையாகச் சாப்பிடுவதற்கான கெடு. தாண்டிவிட்டால் உடனே தூக்கி எறிய வேண்டாம், நன்றாக வேக வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.