பவுலிங் கிரீன் வேலிக் கம்பங்களின் தலையை அறுத்தது யார்?

ஜெர்சிக்காரன்:
ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை நியூயார்க்கில் அந்த வெண்கலக் காளையைப் பார்க்கக் கூட்டிப் போனேன். போட்டோவுக்கு நீளமான வரிசை. அம்மா வரிசையில் நிற்க, அப்பா மட்டும் பின்னால் இருக்கிற பவுலிங் கிரீன் என்ற சின்னப் பூங்காவின் இரும்பு வேலியைத் தடவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் லேத் பட்டறையில் இருந்தவர். "வார்க்கும்போதே இப்படி வராதுடா, யாரோ ரம்பம் போட்டிருக்கான்" என்றார். தொட்டுப் பார்த்தேன், பெரிய கம்பங்களின் உச்சி நிஜமாகவே கரடுமுரடாக இருந்தது. அரை ஏக்கர் பூங்காவில் அப்படி என்ன நடந்தது?

பழங்கணக்கு:
அப்பாவுக்கு ஒரு கும்பிடு. அந்த வேலி 1771இல் போட்டது, அதற்கு முந்தைய வருஷம் அங்கே வைத்த இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஜார்ஜின் சிலைக்குக் காவலாக. குதிரைமேல் மன்னன், ஈயத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசியது. அமெரிக்கக் குடியேற்றங்களின்மேல் இங்கிலாந்து போட்டிருந்த முத்திரை வரியை ரத்து செய்ததற்கு நன்றியாக ஊர்க்காரர்களே கேட்டு வாங்கிய சிலைதான். ஆனால் 1776 ஜூலை 9 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வாஷிங்டனின் படைக்கு வாசித்துக் காட்டியதும், சிப்பாய்களும் பொதுமக்களுமாகப் போய்க் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிட்டார்கள். ஈயம் கனெக்டிகட்டில் இருக்கும் லிச்ஃபீல்டுக்குப் போனது, பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து துப்பாக்கிக் குண்டாக வார்த்தார்கள். கணக்கு 42,088 குண்டு. மன்னனின் படைமேல் சுட மன்னனின் சிலை! கம்பங்களின் உச்சியில் இருந்த அலங்காரத் தலைகளும் அப்போது போனவைதான், கிரீட வடிவம் என்று சொல்வார்கள். குதிரையின் வாலும் இன்னும் சில துண்டுகளும் தப்பித்து இன்று மியூசியத்தில் இருக்கின்றன.

மிளகுரசம்:
அதற்கு முந்தைய கதைதான் எனக்குப் பிடித்தது. 1733இல் அந்த இடத்தை அக்கம்பக்கத்துக்காரர்கள் மூன்று பேருக்கு நகரசபை குத்தகைக்கு விட்டது, புல்தரை போட்டுப் பந்து உருட்டி விளையாட. பூங்காவின் பெயரே அந்த விளையாட்டால் வந்ததுதான். வாடகை வருஷத்துக்கு ஒரே ஒரு மிளகு. கிண்டல் இல்லை, இங்கிலாந்துச் சட்டப்படி ஒப்பந்தம் செல்ல ஏதாவது ஒன்று கைமாற வேண்டும், அதனால் பேருக்கு ஒரு மிளகு. இன்றைய மன்ஹாட்டன் வாடகையை நினைத்தால் வயிறு எரிகிறது.

தெற்குமுனை:
ஒரு சின்னத் திருத்தம், யாரும் கேட்கவில்லை என்றாலும். அமெரிக்காவிலேயே பழைய பூங்கா இதுதான் என்று சில பேர் அடித்துவிடுவார்கள். நியூயார்க் நகரத்துக்குள்தான் அந்தப் பெருமை, பாஸ்டன் நகரத்தின் பாஸ்டன் காமன் பூங்கா 1634லேயே வந்துவிட்டது. அப்புறம் அந்தக் காளை நேற்று வந்தது. 1989 டிசம்பரில் ஆர்ட்டுரோ டி மோடிகா என்ற சிற்பி யாரிடமும் அனுமதி வாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பங்குச்சந்தை முன்னால் இறக்கிவிட்டுப் போனார். அங்கிருந்து அப்புறப்படுத்தி, சில நாளில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வரிசை என்னவோ அதற்குத்தான்!

ஜெர்சிக்காரன்:
எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மன்னன், குண்டு, மிளகு எதற்கும் அசையவில்லை. "அறுத்தவன் தொழில் தெரிஞ்சவன் இல்லை. ஒரு கம்பம்கூட மட்டமா இல்லை பாரு" என்றார்.