தோட்டா உறைகளைக் கழுவ நல்ல வழி சொல்லுங்கள்

நண்பர்களே, டெக்சாஸில் இருக்கிறேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்டுவிட்டுப் பொறுக்கிய .308 ரைஃபிள் பித்தளை உறைகளை மறுபடி நிரப்பும் முன் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது வால்நட் ஓட்டுத் தூளில் போட்டு மெஷினில் உருட்டுகிறேன். வெளிப்பக்கம் பளபளக்கிறது, ஆனால் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) உட்காரும் குழியில் கரி அப்படியே அப்பியிருக்கிறது. தூசி வேறு பறக்கிறது. பிரைமர் எச்சத்தில் ஈயம் இருக்குமே, வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் அதுதான் பெரிய கவலை.

பிரைமரை முதலில் தட்டி எடுத்துவிட்டு, ஸ்டீல் ஊசிகளோடு தண்ணீரில் உருட்டலாம் என்றிருக்கிறேன். பாத்திரம் கழுவும் சோப்போடு சிட்ரிக் ஆசிட் எவ்வளவு போடுகிறீர்கள்? அதிகமானால் பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும் என்கிறார்கள். அமோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம், பித்தளையில் விரிசல் விடும். அப்புறம், உள்ளே துளி ஈரமில்லாமல் எப்படிக் காயவைக்கிறீர்கள்? சமையலறை ஓவனில் வைக்க மாட்டேன்.