12 லட்சத்துக்கு கார்: நம்ம கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியா?

பவானிக்காரன்
வணக்கமுங்க. பழைய ஆல்டோவைத் தள்ளிட்டு கொஞ்சம் பெருசா எடுக்கலாம்னு இருக்கோம். ஆன்ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து) 12 லட்சம். பெட்ரோல், மேனுவல் போதும். வாரம் ரெண்டு தடவை கோயமுத்தூர், மத்தபடி உள்ளூர் ஓட்டம். எடுத்தா பத்து வருஷமாச்சும் வெச்சிருப்பேன்.

வீட்டுல ரெண்டு கட்சி. அப்பா "சுசுகிய விட்டு வெளிய போகாதடா"ங்கறார். மச்சான் "இன்னும் எத்தனை நாளைக்கு தகர டப்பா? டாடா இல்லாட்டி மகிந்திரா எடுங்க மாமா"ங்கறான். டாடா நெக்ஸான், மகிந்திரா 3எக்ஸ்ஓ, மாருதி சுசுகி பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ நாலையும் ஓட்டிப் பார்த்தாச்சு. ஓட்ட எது சுகம்னு கேக்கலைங்க. எது தொல்லை கொடுக்காது, எதுல போட்ட காசு நிக்கும், அது மட்டும் சொல்லுங்க.

தேசி_டர்போ
மச்சான் பேச்சைக் கேளுங்க ப்ரோ. 2018 டிசம்பர்ல நெக்ஸான், காரை இடிச்சுப் பார்க்கற குளோபல் என்கேப் சோதனையில 5 ஸ்டார் வாங்குச்சு. இந்தியாவுல செஞ்ச எந்தக் காரும் அதுக்கு முன்னாடி வாங்கினதில்ல. 2020ல மகிந்திரா எக்ஸ்யூவி300 (இப்ப 3எக்ஸ்ஓ) வாங்குச்சு. அதே 2020ல மாருதி எஸ்-பிரஸ்ஸோவுக்கு முட்டை. 2022ல ஸ்விஃப்ட்டுக்கு 1 ஸ்டார். மைலேஜுக்காக உயிரை அடமானம் வெச்ச காலம் போச்சு. 2024ல நாட்டுலயே அதிகம் வித்த கார் டாடா பஞ்ச். நாப்பது வருஷமா அந்த இடத்துல மாருதிதான் இருந்துச்சு. ஜனங்க முட்டாளா?

மவுண்ட்ரோடு_ரிட்டயர்டு
தம்பி, நெக்ஸான் இடி தாங்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஸ்டார் இடித்த அன்றைக்கு உதவும். அவர் கேட்பது இடிக்காமல் ஓடும் பத்து வருஷத்தைப் பற்றி. அதற்கு எந்த லேபும் ஸ்டார் தருவதில்லை. தவிர 2024ல் வந்த புது மாருதி டிசையரும் 5 ஸ்டார் வாங்கிவிட்டது, அதைச் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள்.

உள்நாட்டுத் தயாரிப்பு என்று நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டது நம் ஊருக்குப் புதிதல்ல. வண்டலூர் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டது. உடம்பு இங்கிலாந்து ரோவர் எஸ்டி1. பானட்டைத் திறந்தால் உள்ளே ஆதிகாலத்து 2 லிட்டர் இன்ஜின். பெட்ரோலைக் குடித்தது, ஆனால் இழுக்கவில்லை. சில வருஷத்தில் கம்பெனியே மூடிவிட்டது. அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு உடம்போடு 2014 வரை ஓடியது. போட்டியாளன் வந்ததும் வாங்குவோர் குறைந்துகொண்டே போனார்கள். 1998ல் டாடா இண்டிகா வந்தபோது கியூவில் நின்று எடுத்தவர்கள் என் அலுவலகத்திலேயே உண்டு. அவர்கள் புலம்பலெல்லாம் ஓய்ந்தது 2001ல் கம்பெனி அதைத் திருத்தி வி2 என்று விட்ட பிறகுதான். அந்த முதல் மூன்று வருஷத்துக்காரர்கள் காசு கொடுத்துச் சோதனை ஓட்டம் ஓட்டினார்கள்.

தேசி_டர்போ
சார், ரோவர் உடம்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அது உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா? நல்லா ஓடினா ஜப்பான், ஓடலைன்னா இந்தியான்னு பிரிக்காதீங்க. இண்டிகா கதைக்கு கால் நூற்றாண்டு ஆச்சு.

அப்புறம் இன்னொண்ணு. வெளிநாட்டுக்காரன் மூட்டையைக் கட்டிட்டா யார்கிட்ட போய் நிப்பீங்க? செவ்ரோலே 2017 கடைசியில விற்பனைய நிறுத்துச்சு. ஃபியட் 2019ல. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு திடீர்னு அறிவிச்சுட்டு, அடுத்த வருஷம் மறைமலைநகர் ஆலையை மூடினாங்க. ஈகோஸ்போர்ட் புதுசா எடுத்தவங்க முகத்தைப் பார்த்தேன். மறுநாளே செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுல விலை கேட்டா ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினாங்க. டாடாவும் மகிந்திராவும் எங்க போகப்போறாங்க?

மவுண்ட்ரோடு_ரிட்டயர்டு
போனவர்கள் அமெரிக்காவும் இத்தாலியும். சுசுகி 1983ல் மாருதி 800ஓடு வந்தது, ஹூண்டாய் 1998ல் சான்ட்ரோவோடு வந்தது, டொயோட்டா 2000ல் குவாலிஸோடு வந்தது. மூவரும் இங்கேயே இருக்கிறார்கள். வெளிநாடு என்று எல்லாரையும் ஒரே சாக்கில் போடாதீர்கள்.

கரூர்_ஷெட்டு
நான் மெக்கானிக்குங்க. ரெண்டு பேரும் கொடியப் புடிச்சு நிக்கறீங்க, வண்டி அடியில படுத்துப் பாக்கறவன் சொல்றதையும் கேளுங்க.

மொதல்ல ஃபியட். கம்பெனி போயிருச்சு. ஆனா அவங்க 1.3 டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட்டுல இருந்துச்சு, டிசையர்ல இருந்துச்சு, இண்டிகா விஸ்டாவுல இருந்துச்சு. அதனால புன்டோவுக்கு இன்னைக்கும் இன்ஜின் சாமான் கெடைக்குது. கெடைக்காதது என்ன தெரியுங்களா? பம்பர், ஹெட்லைட்டு, கதவு பீடிங், ஏசி கன்ட்ரோல் யூனிட்டு. இன்ஜின் நல்லாயிருக்கற வண்டிய லைட்டு இல்லாம நிறுத்தி வெச்சிருக்கேன். கம்பெனி போனாத்தான் இப்படின்னு நெனைக்காதீங்க, நம்ம நாட்டுக் கம்பெனி வண்டி ஒண்ணு, பேரு வேண்டாம், பின்னாடி லைட்டு அசெம்பிளிக்கு ஒரு மாசத்துக்கு மேல என் ஷெட்டுல நின்னுது. அடுத்த மாடல் வந்ததும் பழைய மாடல் சாமானைக் குறைச்சிட்டாங்க.

மாருதிக்கு இந்தத் தொல்லை இல்லைங்க. லோயர் ஆர்ம், லிங்க் ராடு, கிளட்ச் செட்டு எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கற ஸ்பேர் கடையிலயே கெடைக்கும். ஒரிஜினல் ஒரு வெல, லோக்கல் ஒரு வெல. அந்த வசதிதான் "மாருதி தொல்லை கொடுக்காது"ங்கற பேருக்குப் பாதி காரணம். மாருதியும் ரிப்பேர் ஆகும். சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும், அதான் யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல.

இன்னொரு பாதி இன்ஜின். பிரெஸ்ஸாவுல நாலு சிலிண்டர், 1.5 லிட்டர், டர்போ (காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளற சாதனம்) கெடையாது. நெக்ஸான், 3எக்ஸ்ஓ ரெண்டுலயும் மூணு சிலிண்டர், 1.2, டர்போ. டர்போ கெட்டதில்லைங்க. ஆனா அதுக்குள்ள இருக்கற ஷாஃப்ட் நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. தாங்கறது மெல்லிசா ஒரு ஆயில் படலம். ஆயில் மாத்தற தேதிய ரெண்டு மாசம் தள்ளிப் போடறவரு, சாதா இன்ஜின்ல தப்பிச்சுக்குவாரு. டர்போவுல தப்பிக்க மாட்டாரு. கோயமுத்தூர் பைபாஸ்ல விரட்டிட்டு வந்து வீட்டு வாசல்ல டக்குனு ஆஃப் பண்ணாதீங்க, அரை நிமிஷம் ஐடில்ல விடுங்க. செவந்து நிக்கற டர்போவுல ஆயில் நின்னா அங்கயே கருகி அடையும்.

தம்பி நீங்க ஆல்டோவுக்கு ஆயில் எப்படி மாத்துனீங்க? அதச் சொல்லுங்க, நான் வண்டி சொல்றேன்.

பவானிக்காரன்
டேங்க் டேங்கா அடிச்சு ஓட்டினது தான் அண்ணா. ஆயில்... தீபாவளிக்கு ஒருக்கா.

கரூர்_ஷெட்டு
அப்பா சொன்னதே சரி.

ஓரகடம்_பி_ஷிஃப்ட்
சிரிச்சுட்டேன். நான் ஓரகடம் சிப்காட்ல பார்ட்ஸ் சப்ளையர் கம்பெனில குவாலிட்டி. கம்பெனி பேர் சொல்ல முடியாது.

இந்த "நம்ம கார்" பேச்சே உள்ளே இருக்கறவங்களுக்கு விசித்திரமா இருக்கும். மாருதில சுசுகிக்கு பாதிக்கு மேல பங்கு, ஆனா கார் முழுக்க இங்க செய்யறது. டாடா ஹாரியரோட அடித்தளம் லேண்ட் ரோவர்ல இருந்து வந்தது, டீசல் இன்ஜின் ஃபியட்டோடது. லேண்ட் ரோவரே 2008ல இருந்து டாடாவோடது. ஃபோர்டு போன சனந்த் பிளான்ட்டுல இப்ப டாடா, செவ்ரோலே செஞ்ச ஜிஎம் போன தலேகாவ்ல ஹூண்டாய், புது வென்யூ அங்கதான் செய்யறாங்க. எங்க பிரஸ் ஷாப்ல ஒரே மெஷின்ல காலையில ஒரு கம்பெனி டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கற அச்சு), மத்தியானம் வேற கம்பெனி டை. ஆளு அதே, தகடு அதே.

வித்தியாசம் எங்கன்னா, பிசிறு. ஒரு பிராக்கெட் ஓரத்துல பிசிறோட ஒரே ஒரு பீஸ் போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. ஒரு ஜப்பான் கஸ்டமர் ஆள் மறுநாள் காலைல எங்க லைன்ல நிப்பார். எந்த டை, எத்தனையாவது ஸ்ட்ரோக், யார் செக் பண்ணது, எல்லாம் கேட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒவ்வொரு பீஸையும் கையால தடவிப் பார்த்து மார்க்கர் புள்ளி வெச்சு அனுப்பணும். அதே பிசிறு இன்னொரு கஸ்டமருக்குப் போனா, "அடுத்த லாட்டுல பார்த்துக்கோங்க, இன்னைக்கு லைன் நிக்கக்கூடாது"ன்னு போன் வரும். அந்த ரெண்டாவது கஸ்டமர் இந்தியக் கம்பெனின்னு நீங்க நினைச்சா, ஒரு தடவை ஐரோப்பியக் கம்பெனியாவும் இருந்திருக்கு.

தேசி_டர்போ
ஆக ஜப்பான்தான் உசத்தின்னு சுத்தி வளைச்சு சொல்றீங்க.

ஓரகடம்_பி_ஷிஃப்ட்
பழகின மாடல் உசத்தின்னு சொல்றேன். புது மாடல் வந்த முதல் வருஷத்துல எந்தக் கம்பெனி டிராயிங்கும் மாசத்துக்கு ரெண்டு தடவை மாறும். இப்ப நம்ம கம்பெனிகள் வேகமா மாடல் விடறாங்க, பெரிய ஸ்க்ரீன், நிறைய சென்சார். ஓனர்கள் புலம்பறதுல இன்ஜின் கம்மி. ஸ்க்ரீன் அணையுது, சென்சார் தப்பா கத்துதுன்னுதான் வருது. ஜப்பான் கம்பெனி அதே வசதிய லேட்டா தருது, அதனாலயே கம்மியா கெடுது.

கிள்ளான்_காடி
மலேசியாவுலேர்ந்து ஒரு வார்த்தை. எங்க புரோட்டோன் 1983ல ஆரம்பிச்ச கம்பெனி, 1985ல சாகா வந்துச்சு. வெளிநாட்டுக் காடிக்கெல்லாம் வரி ஏத்தி அதைக் காப்பாத்துனாங்க. உள்ளே இருந்தது மிட்சுபிஷி. 2017ல 49.9 விழுக்காடு சீனாக்காரன் கீலிகிட்ட போச்சு. 1993ல வந்த இன்னொரு உள்நாட்டுக் கம்பெனி பெரோடுவா, தொழில்நுட்பம் ஜப்பான் டைஹாட்சு. பெரோடுவாவோட மைவி வேணும்னு இங்க சொந்தக்காரங்க வீட்டுல அடிச்சுக்கறாங்க, பழைய காடிக்கே நல்ல விலை. வரி போட்டுக் காப்பாத்துனது ஒருத்தனை, ஜனங்க நம்புனது இன்னொருத்தனை. ரெண்டுமே உள்நாட்டுதான்.

நெல்லை_டிபோர்டு
அண்ணாச்சிமாரே, காசைப் பத்தி ஒருத்தரும் பேசலியே. நான் வாடகை வண்டி ஓட்டுறவன், எனக்கு வண்டின்னா கணக்குதான்.

2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறிச்சுல்லா. நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500க்குள்ள இருந்தா 18 சதவீதம். அதைத் தாண்டுனா 40. நெக்ஸான் பெட்ரோல் 1199 சிசி, உள்ள வந்துட்டு. 3எக்ஸ்ஓ, வென்யூ ரெண்டும் 1197, உள்ள. பிரெஸ்ஸா நீளம் நாலு மீட்டருக்குள்ளதான், ஆனா இன்ஜின் 1462 சிசி. 40ல போய் மாட்டிக்கிட்டு. ஷெட்டு அண்ணாச்சி புகழ்ந்த அதே நாலு சிலிண்டருக்குத்தான் இந்தத் தண்டனை.

இன்னொண்ணு தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ், வண்டி பதியும்போது ஒரே தடவையா கட்டுத வரி. 2023 நவம்பர்ல ஏத்துனது. வண்டி விலை 5ல இருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 தாண்டி 20 வரைக்கும் 18. அதாவது 9 லட்சத்து 95 ஆயிரத்துக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 29 ஆயிரம் வரி, 10 லட்சத்து 5 ஆயிரத்துக்கு 1 லட்சத்து 81 ஆயிரம். பத்தாயிரம் ரூவா சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு அம்பதாயிரத்தைக் கூடக் கொடுக்காதீரும். 12 லட்சம் ஆன்ரோடுன்னா வண்டி விலை 10 கிட்ட வரும், நீரு சரியா அந்தக் கோட்டு மேலதான் நிக்கீரு.

விக்கும்போது என்ன கிடைக்கும்னா, டொயோட்டா இன்னோவா எடுத்தவன் தோத்ததில்ல. ஆனா மகிந்திரா பொலேரோ எடுத்தவனும் தோத்ததில்ல வே! எங்க பக்கம் தோட்டக்காரங்க பழைய பொலேரோவுக்குச் சண்டை போடுதாங்க. அது சுத்த உள்நாட்டு வண்டி. ஜப்பானுக்காகப் பேசுத மவுண்ட்ரோடு சார் அதையும் எழுதணும்.

மவுண்ட்ரோடு_ரிட்டயர்டு
பொலேரோவை ஒப்புக்கொள்கிறேன். அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். 2000த்தில் வந்த வண்டியை அடிப்படையை மாற்றாமல் ஓட்டுகிறார்கள். ஓரகடம் நண்பர் சொன்னதுதான்.

தேசி_டர்போ
அப்ப மாற்றாம ஓட்டினா பழசு, மாற்றினா பரிசோதனை. என்ன செஞ்சாலும் நம்மாளுக்கு பாஸ் மார்க் கிடையாது உங்ககிட்ட. பவானி ப்ரோ, உங்க அப்பாவையும் குழந்தைங்களையும் வெச்சுத்தான் ராத்திரி பெருந்துறை ரோட்டுல வருவீங்க. லாரி ரிஃப்ளெக்டர் இல்லாம நிக்கும். அன்னைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையில கிடைக்கும்னு யோசிக்க மாட்டீங்க.

பவானிக்காரன்
இந்தப் பதிவைப் படிச்சதும் வீட்டம்மா போனை வாங்கி ரெண்டாவது தடவை படிச்சாங்க. அவங்க ஓட்டு நெக்ஸானுக்குப் போயிருச்சு. வரிக் கணக்கு சொன்ன நெல்லை அண்ணாச்சிக்கு நன்றிங்க, 10 லட்சத்துக்குக் கீழ இருக்கற வேரியன்ட்டுதான் எடுக்கறதுன்னு ஆயிருச்சு. ஆனா ஷெட்டு அண்ணன் கேட்ட ஆயில் கேள்விதான் உறுத்துது. வாரன்டி நீட்டிச்சுக்கிட்டா டர்போவுக்கு காப்பு வருமுங்களா?

கரூர்_ஷெட்டு
வரும், ஆனா சர்வீஸ் புக்குல ஒரு தேதி தவறியிருந்தாக் கூட அதையே காட்டி கையை விரிப்பாங்க. எந்தக் கம்பெனியா இருந்தாலும் அப்படித்தான். நெக்ஸான்னு முடிவாயிட்டா ஈரோட்டுல ரெண்டு மூணு சர்வீஸ் சென்டர் போய் வெளிய நிக்கற வண்டி ஓனருங்ககிட்ட கேளுங்க. எத்தனை நாளா நிக்குது, எந்தச் சாமானுக்கு நிக்குதுன்னு. ஷோரூம்காரன்கிட்ட கேக்காதீங்க. டெலிவரிக்கு முன்னாடி சேஸ் நம்பர்ல தயாரிச்ச மாசம் பாருங்க, யார்டுல ஆறு மாசம் வெயில்ல நின்ன வண்டிய தள்ளுபடின்னு தலையில கட்டுவாங்க. ஆயிலை தீபாவளிக்கு மாத்தற பழக்கத்த மட்டும் ஆல்டோவோடயே வித்துருங்க.

மவுண்ட்ரோடு_ரிட்டயர்டு
அப்பாவிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

பவானிக்காரன்
மச்சான்தான் சார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.