கிராம்பு, வெற்றிலை எக்ஸ்ட்ராக்ட்: ஸ்டஃபைலோவுக்கு ஜோன் வருகிறது, ஈ.கோலைக்குச் சரியாக வரவில்லை

அகார்தட்டு:
எம்.எஸ்சி. மைக்ரோ, கடைசி செமஸ்டர். உணவில் வரும் கிருமிகளைக் கிராம்பு, ஓமம், வெற்றிலை மூன்றும் தடுக்கிறதா என்பதுதான் ப்ராஜெக்ட். பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, வாட்டர்பாத்தில் நன்றாகச் சுண்டவைத்து, வந்த பிசினை மறுபடி மெத்தனாலிலேயே கரைத்து (மில்லிக்கு 100 மில்லிகிராம்), கிருமி தடவிய முல்லர்-ஹின்டன் அகாரில் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) 6 மி.மீ. குழி போட்டு 50 மைக்ரோலிட்டர் விட்டேன். குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் (ஜோன்) விட்டம், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்குக் கிராம்பு 19 மி.மீ., வெற்றிலை 14. ஈ.கோலைக்குக் கிராம்பு மட்டும் 10. ஓமம் இரண்டிலுமே ஒன்றுமில்லை, ஆனால் நான் படித்த பேப்பர்களில் அதுதான் ஹீரோ! தண்ணீரில் எடுத்த சாறு எதையுமே அசைக்கவில்லை. ஒப்பிட வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் (ஆன்டிபயாட்டிக்) டிஸ்க் ஸ்டஃபைலோவுக்கு 26 காட்டியது. 'ஆன்டிபயாட்டிக்குக்குக் கிட்டத்தட்ட சமம்' என்று எழுதலாம் என்கிறார் கைடு, எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்புறம் அம்மாவின் கேள்வி ஒன்று: பிரியாணியில் அவ்வளவு கிராம்பு போடுகிறோமே, ராத்திரி வெளியே வைத்தால் ஏன் கெட்டுப்போகிறது?

பழைய லேப்வாசி:
சமம் என்று எழுதாதீங்க. நீங்கள் குழியில் விட்டது 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். சிப்ரோ டிஸ்க்கில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு விட்டும் 7 மி.மீ. குறைவு, வைவாவில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். சுத்தமான மருந்தையும் பிசினையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு என்பது தனிக்கதை.

வெறும் மெத்தனால் விட்ட குழி போட்டீங்களா? நீங்கள் சொல்லவே இல்லை. அதுவே கிருமியைக் கொல்லும், ஒப்பிட்டுப் பார்க்க அந்த கன்ட்ரோல் குழி இல்லாமல் 10 மி.மீ. என்பதை நான் நம்ப மாட்டேன். 10% டி.எம்.எஸ்.ஓ.வில் (கிருமியை அவ்வளவாகப் பாதிக்காத கரைப்பான்) கரைத்து, அதை மட்டும் ஒரு குழியில் விட்டுப் பாருங்க.

ஓமத்தின் சரக்கு தைமால், ஆவியாகிப் போகிற சமாசாரம். சுண்டவைத்தபோது லேப் முழுக்க ஓமவாசனை அடித்திருக்குமே, அதுதான் உங்கள் மருந்து! கிளவெஞ்சரில் (ஆவியாகிற எண்ணெயைப் பிடிக்கும் வடிகலன்) எண்ணெயாக வடித்து எடுங்க. கிராம்பின் சரக்கான யூஜெனால் அதில் ஏராளம் என்பதால் கொஞ்சம் போயும் மிச்சம் நின்றிருக்கிறது, அதுவும் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால்தான் தண்ணீர்ச்சாறு வேலை செய்யவில்லை.

ஈ.கோலை கிராம் நெகட்டிவ் வகை, அதன் செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, எண்ணெய்ப்பசையான பொருள் அதைத் தாண்டத் திணறும். ஸ்டஃபைலோவுக்கு அந்தக் கவசம் கிடையாது. இது உங்கள் தோல்வி இல்லை. ஆனால் ஜோனை மட்டும் நம்பாதீங்க, மருந்து அகாரில் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. எம்.ஐ.சி. (கிருமி வளர்வதை நிறுத்தும் குறைந்தபட்ச அளவு) போட்டு, அந்தச் சோதனையில் கலங்காமல் தெளிந்து நின்ற குழியிலிருந்து எடுத்து வெறும் அகாரில் தடவினால் கொன்றதா, வெறுமனே வளரவிடாமல் வைத்திருந்ததா என்பது தெரிந்துவிடும்.

கேன்டீன்காரர்:
அம்மாவுக்கு நான் சொல்கிறேன். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, அரிசியிலேயே விதை மாதிரி ஸ்போராக ஒட்டிக்கொண்டு வரும், வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தி எடுக்கவைக்கும் நஞ்சை விட்டுவிடும், அது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் போகாது. காலையில் சூடுபண்ணி என்ன பிரயோஜனம்? கிராம்பின் யூஜெனாலையும் பிரியாணியின் நெய்யும் கறியும் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்குப் போய்ச் சேருவது சொற்பம். போதுமான அளவு போட்டால் வாய் மரத்துப்போகும், யார் சாப்பிடுவது? நாங்கள் 60 டிகிரிக்கு மேல் சூடாக வைப்போம், இல்லையென்றால் சின்னச் சின்னத் தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே பிரிட்ஜ்.

அகார்தட்டு:
லேப்வாசி சார், மாட்டிக்கொண்டேன், மெத்தனால் குழி போடவே இல்லை. நேற்று போட்டேன்: ஈ.கோலைக்கு 9 மி.மீ.! அந்த 10-ஐ அடித்துவிட்டேன். கிளவெஞ்சர் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் இருக்கிறதாம், திங்கட்கிழமை போய்க் கெஞ்சிப் பார்க்கிறேன்.